எதற்குத் திரும்பினான்

அடையாற்றில் ஒரு பெண்கள் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். முதலாம் ஆண்டு மாணவிகளுக்கு நான் எடுக்கும் முதல் செய்முறை வகுப்பு, எளிய உயிர்கள் எதைக் கண்டு நகர்கின்றன, எதைக் கண்டு விலகுகின்றன என்பது. மயிலாப்பூரில் மாடு வைத்திருக்கும் ஒரு வீட்டில் ஒரு கை வைக்கோல் வாங்கி வந்து தண்ணீரில் ஊறப்போடுவேன். நாலைந்து நாளில் நாற்றம் வரும். அதில் ஒரு சொட்டை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால் பாரமீசியம் என்கிற ஒற்றைச்செல் உயிர் குறுக்கும் நெடுக்குமாக ஓடிக்கொண்டிருக்கும். சொட்டின் ஓரத்தில் துளி உப்புநீர் விட்டால், அந்தப் பக்கம் போனது சட்டென்று பின்வாங்கும், கொஞ்சம் உடம்பைத் திருப்பும், மறுபடி முன்னால் போகும். மறுபடி உப்பில் முட்டினால் மறுபடி பின்வாங்கும். முட்டி முட்டித்தான் நல்ல தண்ணீருக்கு வந்து சேரும். உப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. இங்கே சரியில்லை என்பது மட்டும் தெரியும். குளத்துப் பச்சைத் தண்ணீரில் இருக்கும் யூக்ளினா வேறு ரகம். ஜன்னலில் வெளிச்சம் வந்தால் நேரே ஜன்னல் பக்கமே நீந்தும்.

அடுத்து மண்புழு. ஈரக் காகிதத்தில் விட்டு டார்ச் அடித்தால் சுருங்கும். மேஜையைத் தட்டினால் சுருங்கும். கத்தினால் ஒன்றும் செய்யாது, அதற்குக் காது கிடையாது. பெண்கள் வரிசையாக வந்து மண்புழுவைப் பார்த்துக் கத்திவிட்டுச் சிரிப்பார்கள். ஒரு வருடம் ஒரு பெண் தன் நோட்டில், ‘சத்தம்: எதிர்வினை உண்டு’ என்று எழுதியிருந்தாள். புழுவின் மேல் குனிந்து கத்தியிருக்கிறாள், அவள் மூச்சு பட்டு அது சுருங்கியிருக்கிறது. வகுப்பு முழுக்கக் கேட்கும்படி அவளை வாங்கு வாங்கென்று வாங்கினேன். “உன் மூச்சுக்குச் சுருங்கினதை உன் குரலுக்குச் சுருங்கிச்சுன்னு எழுதுவியா? திரும்பிச்சா இல்லையான்னு பாக்காதே. எதுக்குத் திரும்பிச்சுன்னு பாரு. ஒண்ணைச் சோதிக்கணும்னா மத்த எல்லாத்தையும் அடைச்சிட்டுச் சோதி.” அந்தப் பெண் அழுதாள். எனக்கு இரக்கம் வரவில்லை. விஞ்ஞானம் என்றால் அப்படித்தான் என்று நினைத்தேன்.

அந்த வருடம் என் மகனுக்கு ஒன்றரை வயது. அவனுக்குப் பிறவியிலேயே இரண்டு காதும் கேட்காது. அது எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகும் ஒன்றரை வருடத்துக்கு மேல் தெரியவில்லை. ஒரு பிள்ளைக்குப் பேச்சு வர வேண்டிய வயது அது. நான் தெரிந்துகொள்ளாமல் தின்றுவிட்ட வயது.

எங்கள் வீடு மந்தைவெளியில், பறக்கும் ரயில் பாதையை ஒட்டின சந்தில், இரண்டாவது மாடி. வீட்டில் நான், என் கணவர், என் நாத்தனார், பையன். நாத்தனார் என் கணவரின் அக்கா. கணவரை இழந்தபின் தம்பியோடு வந்துவிட்டவர். நான் கல்லூரிக்குப் போனால் பையனைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். நான் பெற்றேன், அவர் வளர்த்தார் என்று சொன்னால் அதில் மிகை ஒன்றும் இல்லை.

ரயில் வருவதற்கு முன்பே பையன் விளையாட்டை விட்டுவிட்டுத் தலையைத் தூக்குவான். எங்கள் காதில் விழுவதற்கு முன்னால் அவனுக்குத் தெரிந்துவிடும். “பாம்புக் காதுடா உனக்கு” என்று என் கணவர் அள்ளிக் கொஞ்சுவார். பாம்புக்கு வெளிக்காது கிடையாது, தரையின் அதிர்வைத்தான் உடம்பால் வாங்கும் என்று வருடா வருடம் வகுப்பில் சொல்கிறவள், பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். கிரைண்டர் ஓடும்போது அதன் பக்கத்தில் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொள்வான். அந்தச் சத்தம் அவனுக்குத் தாலாட்டு என்றோம். பங்குனித் திருவிழாவில் தோளில் உட்காரவைத்து மயிலாப்பூர் மாட வீதிக்குக் கூட்டிப்போனோம். தவில் கிட்டே வந்ததும் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான். “தாளம் போடுது பாரு” என்றார் நாத்தனார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

எதற்கெடுத்தாலும் என் முகத்தைப் பார்ப்பான். நான் சமையலறைக்குப் போனால் வாசற்படியில் வந்து உட்காருவான். எந்த அறையில் இருந்தாலும் நான் கண்ணில் படுகிற இடத்தில்தான் பொம்மையைப் பரப்புவான். நான் வாயைத் திறந்தால் ஓடி வருவான். சரியான அம்மா கோண்டு என்று எல்லாரும் கேலி செய்தார்கள். பிள்ளைக்குச் சதா என் நினைப்பு என்று நானும் பூரித்துப்போனேன். காது செய்ய வேண்டிய வேலையையும் சேர்த்துக் கண்ணால் செய்துகொண்டிருந்திருக்கிறான். ஒரு நிமிஷம் அசந்தால் உலகம் கைவிட்டுப் போய்விடும் என்பது போல அந்தக் குழந்தை பகல் முழுக்கக் காவல் இருந்திருக்கிறது.

இரண்டு வயதாகியும் பேச்சு வராதபோது எனக்குச் சந்தேகம் வராமல் இல்லை. “உன் வீட்டுக்காரனே நாலு வயசுலதாம்மா வாயத் திறந்தான். ஆம்பளப் புள்ளைங்க அப்படித்தான்” என்றார் நாத்தனார். வசம்பை உரைத்துத் தேனில் குழைத்து நாக்கில் தடவினார். வடபழனியில் வேண்டிக்கொண்டார். காய்ச்சலுக்குப் பார்த்த டாக்டர் எதிரே நின்று கைதட்டினார், பையன் கையைப் பார்த்தான். “கேக்குதே” என்றார் டாக்டர். நானும் வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து தட்டிப் பார்த்தேன். கன்னத்தில் காற்றுப் பட்டுத் திரும்பினான். எனக்கு அந்தப் பதில் வேண்டியிருந்தது, அதனால் எடுத்துக்கொண்டேன்.

மூன்று வயது முடிந்து இரண்டு மாதம். தீபாவளிக்கு முந்தைய வாரம் தி. நகரில், ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் பையன் என் கையை உருவிக்கொண்டு போய்விட்டான். பத்தடி தள்ளி, விளக்கு மினுக்கும் பம்பரம் ஒன்றைப் பார்த்தபடி, எனக்கு முதுகைக் காட்டி நின்றான். இடையில் ஜனம் நெருக்கி நிற்கிறது, போக முடியவில்லை. “கண்ணா!” என்று கத்தினேன். மறுபடி கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். புடவைக் கடை வாசலில் நின்றவர்கள் திரும்பினார்கள், கரும்புச்சாறு குடித்துக்கொண்டிருந்தவர் திரும்பினார், யார் யாரோ பெற்ற பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. என் பிள்ளை மட்டும் பம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நடைபாதையில் கிளிப்பும் ரப்பர் பேண்டும் விற்றுக்கொண்டிருந்த பெண் எட்டி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். நான் முண்டியடித்துப் போய்ச் சேர்ந்ததும் என்னைப் பார்த்து, “இன்னாமா, இம்மாந் நேரம் கத்திக்கினு கீறியே, கொயந்திக்குக் காது கேக்காதா?” என்றாள்.

“உன் வேலையைப் பாரும்மா” என்று சீறினேன். நன்றிகூடச் சொல்லவில்லை.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. “எங்க அக்கா புள்ளயும் இப்டிதான்மா. எதுக்க நின்னா எல்லாம் புரிஞ்சிக்கும். பின்னால நின்னு கூப்ட்டா திரும்பாது. ஆஸ்பத்திரிக்கு இட்னு போ” என்றாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் பையனைக் கட்டில் மேல் கனத்த மெத்தையில் உட்காரவைத்தேன். மின்விசிறியை நிறுத்தினேன். என் நிழல் அவன் முன்னால் விழாதபடி திரைச்சீலையை இழுத்தேன். கண்ணாடி போட்ட பீரோவைப் போர்வையால் மூடினேன். கால் அதிராமல் அவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, ஒரு எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டினேன். தெருவில் போனவர் நிமிர்ந்து பார்க்கும் அளவுக்குத் தட்டினேன். அவன் கார் பொம்மையின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தான். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. தரையில் இறங்கி ஒரு முறை காலால் உதைத்தேன். கட்டில் கால் வழியாக அது ஏறியிருக்க வேண்டும், உடனே திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான்.

என் இருபது வருடப் படிப்பில் நான் ஒழுங்காகச் செய்த ஒரே சோதனை அதுதான். தட்டைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவன் இறங்கி வந்து, எதற்கு இது என்று என் முகத்தைப் படித்துப் பார்த்தான்.

ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துத் தூங்கவைத்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் வயர்களை ஒட்டி, காதில் சத்தம் கொடுத்துச் சோதித்தார்கள். திரையில் கோடு அசையவில்லை. சோதித்த ஆடியாலஜிஸ்ட் சின்னப் பெண், என் மாணவி வயதுதான் இருக்கும். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டு எழுதிக்கொண்டாள். பிறகு பேனாவை வைத்துவிட்டு, “பின்னாலேர்ந்து கூப்பிட்டுப் பாத்ததே இல்லையா மேடம்? வெளிய கிளம்பும்போதுகூடவா?” என்றாள்.

இல்லை. வெளியே கிளம்பும்போதுதான் நிச்சயமாக இல்லை. எங்கள் வீட்டில் வாசல் தாண்டுகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிட மாட்டோம். போகிற காரியம் கெட்டுவிடும் என்பது எல்லா வீட்டிலும் சொல்வதுதான். எங்கள் வீட்டில் அது வெறும் பேச்சு இல்லை. நாத்தனாரின் கணவர் ஒரு நாள் காலையில் வேலைக்குக் கிளம்பியபோது, வரும்போது வெற்றிலை வாங்கி வரச்சொல்லி இவர் பின்னாலிருந்து கூப்பிட்டிருக்கிறார். அவர் திரும்பி, தலையாட்டிவிட்டுப் போனார். சாயங்காலம் அவர் உடலைத்தான் ஆம்புலன்சில் கொண்டுவந்தார்கள். தான் கூப்பிட்டிருக்கக் கூடாது என்று இன்றுவரை நாத்தனார் நம்புகிறார். நான் கல்யாணமாகி வந்த புதிதில் ஹெல்மெட்டை மறந்துவிட்டுப் போன கணவரைப் படியில் கூப்பிட்டுவிட்டேன். நாத்தனார் முகம் வெளுத்துப்போய்விட்டது. அவரைத் திரும்ப மேலே வரவழைத்து, உட்காரவைத்து, தண்ணீர் குடிக்கவைத்துத்தான் அனுப்பினார். மூடநம்பிக்கை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். ஆனால் அதற்குப் பிறகு நானும் கூப்பிட்டதில்லை. என் பிள்ளை எனக்கு முதுகைக் காட்டி நிற்கிற நேரம், காலையில் அப்பாவோடு பால் வாங்கப் படி இறங்குகிற அந்த நேரம் ஒன்றுதான். தினமும் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

கேட்கும் கருவியை மாட்டிப் பார்த்தார்கள், பிரயோஜனமில்லை. நான்கு வயது தாண்டி ஒரு காதில் அறுவை சிகிச்சை செய்து உள்ளே கருவி வைத்தார்கள். இன்னும் சீக்கிரம் வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். பிறகு வாரத்தில் மூன்று நாள் தி. நகரில் பேச்சுப் பயிற்சி. அங்கே முதல் விதி, குழந்தைக்கு வாயைக் காட்டக் கூடாது. “முகத்தைப் பாத்தா அதையே பிடிச்சுக்குவான் மேடம். பின்னால உக்காந்து பேசுங்க. வீட்ல எல்லாரும் பின்னாலேர்ந்துதான் கூப்பிடணும்” என்றார் பயிற்சி தருகிறவர். நான் சொல்லிக்கொடுத்த பாடம்தான், எனக்கே திரும்பி வந்தது. அத்தனை நாளும் என் முகத்தைப் பிடித்துக்கொண்டு நடந்த பிள்ளையிடமிருந்து அந்த முகத்தைப் பிடுங்க வேண்டும். பின்னால் உட்கார்ந்தால் திரும்பித் திரும்பிப் பார்ப்பான். தலையைப் பிடித்து நேரே திருப்பி வைப்பேன். அழுவான். நானும் அழுவேன், அவனுக்குத் தெரியாமல்.

வீட்டில் நானும் கணவரும் பழகிக்கொண்டோம். நாத்தனாரால் முடியவில்லை. “முன்னால வந்து ஆயிரம் தடவ கூப்பிடறேம்மா. பின்னால மட்டும் என்னால ஆகாது” என்றார். மாதக்கணக்கில் கெஞ்சினேன். பகல் முழுக்க அவனோடு இருக்கிறவர் அவர்தானே. அவர் குரல்தானே அவனுக்கு அதிகம் பழக வேண்டும். ஒரு நாள் பயிற்சியில், பையன் மற்றப் பிள்ளைகளைவிடப் பின்தங்கி இருக்கிறான் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த ஆத்திரத்தில் வீட்டுக்கு வந்து, “அண்ணி, உங்க பயத்துக்கு ஏற்கனவே மூணு வருஷம் குடுத்தாச்சு. இன்னும் எவ்வளவு வேணும் உங்களுக்கு?” என்று கேட்டுவிட்டேன். அவர் பையனின் சீருடையை மடித்துக்கொண்டிருந்தார், மடித்து முடித்து அடுக்கிவிட்டு உள்ளே போனார். தெரியாமல் போன மூன்று வருடத்துக்கு நான்தான் பொறுப்பு, அவரில்லை. அது எனக்குத் தெரிந்தேதான் சொன்னேன்.

மறுநாள் காலை பையனைப் பள்ளி வேனில் ஏற்றக் கிளம்பினோம். அவன் முன்னால் குதித்து இறங்கிவிட்டான், பையைத் தூக்கிக்கொண்டு நான் பத்துப் படி பின்னால். கேட்டைத் தாண்டியிருப்பான். மேலே பால்கனியிலிருந்து நாத்தனார் அவனைக் கூப்பிட்டார். பெயரைச் சொல்லி, நன்றாகச் சத்தமாகக் கூப்பிட்டார்.

அவனுக்குக் கேட்டது. நின்றான். படியில் நின்ற எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆனால் அவனுக்கு ஒரு காதில்தான் கருவி. ஒரு காதால் கேட்கிறவனுக்குச் சத்தம் வந்தது தெரியும், எந்தப் பக்கமிருந்து என்று தெரியாது. அது எனக்குத் தெரியும், நான் நாத்தனாருக்குச் சொல்லவில்லை. இடதுபக்கம் பார்த்தான். வலதுபக்கம் பார்த்தான். மேலே பார்க்கத் தோன்றவில்லை. எதிர்ச்சாரியில் கீரைக்காரி ஒருத்தி குனிந்து கூடையை இறக்கிக்கொண்டிருந்தாள். அவள்தான் கூப்பிட்டாள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே தெருவின் குறுக்கே ஓடினான்.

ஆட்டோ ஒன்று கிறீச்சிட்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. நான் போய்ச் சேரும்போது பையன் அதன் முன்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தான். “இன்னாமா, புள்ளய வுட்டுட்டு எங்க போய்க்கினு இருந்த? எவ்ளோ ஹாரன் அடிக்கிறேன்!” என்று ஓட்டுநர் கத்தினார். பையன் பயப்படவே இல்லை. முகமெல்லாம் வெளிச்சமாக என் புடவையை இழுத்தான். “ம்மா. கூப்ட்டா. யாரு?” என்றான், ஏற்ற இறக்கம் இல்லாத அவன் குரலில்.

நான் மேலே காட்டினேன். அவன் நிமிர்ந்து பார்த்தான். பால்கனியில் யாரும் தெரியவில்லை. நாத்தனார் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டிருந்தார். கம்பியைப் பிடித்திருந்த ஒரு கை மட்டும் தெரிந்தது. “அத்தை!” என்று கத்தினான் பையன். “அத்தை, கேட்டுச்சு!” கை அசையவில்லை.

அன்று மேலே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து எவ்வளவோ சொன்னேன். அவனுக்குக் கேட்டது அண்ணி, உங்க குரலுக்குத்தான் நின்னான், ஒரு காதுங்கறதை நான்தான் சொல்லியிருக்கணும், தப்பு என்னோடது என்றேன். “நான் பின்னால கூப்பிட்டு ரெண்டு பேரு ஆச்சும்மா” என்றார். அவன்தான் நன்றாக இருக்கிறானே என்றேன். தலையாட்டினார்.

இப்போது அவனுக்குப் பதினொரு வயது. துண்டு துண்டாகப் பேசுகிறான். தெரிந்தவர்களுக்குப் புரிகிறது, புதியவர்கள் என் முகத்தைப் பார்க்கிறார்கள். நான் பின்னாலிருந்து கூப்பிட்டால் ஒரு சுற்றுச் சுற்றித் தேடித்தான் என்னைக் கண்டுபிடிக்கிறான். கல்லூரியில் இந்த வருடமும் ஒரு பெண் மண்புழுவுக்குக் காது கேட்கிறது என்று எழுதினாள். மதிப்பெண்ணைக் குறைத்தேன், திட்டவில்லை.

நாத்தனார் அன்றைக்குப் பிறகு அவனைக் கூப்பிட்டதே இல்லை, முன்னாலிருந்துகூட. அவன் மொட்டை மாடியில் இருந்தாலும் கீழே தெருவில் விளையாடிக்கொண்டிருந்தாலும், சாப்பிடக் கூப்பிட வேண்டுமென்றால், மூட்டு வலியோடு கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக நடந்து வருகிறார். அவன் கண்ணுக்கு எதிரே வந்து நின்று, அவன் பார்க்கும்வரை காத்திருக்கிறார். அவன் பார்த்த பிறகு கையால் சாப்பாடு என்று காட்டுகிறார்.